திருப்பி அனுப்பிய போணி

ஆரல்வாய்மொழி
14 நவம்பர் 2012

ஏட்டி விக்டோரியா,

'அன்புள்ள' போட்டு ஆரம்பிக்கும் நிலையில் நான் இல்லை. உன் மன்றத்திலிருந்து தபால் வந்தது. 'ஞானபாய் மகளிர் கல்லூரிக்குத் தரச்சான்று வழங்க இயலவில்லை.' அடியில் கையெழுத்து: முனைவர் விக்டோரியா, செயலாளர். மேலே பெற்ற தாயின் பேர், கீழே மகளின் கையெழுத்து, நடுவில் 'இயலவில்லை'. பிரின்ஸிபால் ஷைஜா அதைப் படித்துக் காட்டியபோது நான் கொப்பரைக் கிட்டங்கியில் லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். சுமை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

போனில் கூப்பிட்டால் 'மீட்டிங்' என்று கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தபோது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அண்ணே, நாங்க பெங்களூர்ல ஒரு மன்றம் தொடங்கியிருக்கோம். காலேஜுகளுக்குத் தரம் பாத்துச் சான்று குடுப்போம். இதுவரைக்கும் அரசாங்கத்துக்க மன்றம்தான் அந்த வேலையப் பாத்துது. இப்போ புதுச் சட்டம் வரப்போவுது. வேற மன்றங்களுக்கும் அங்கீகாரம் குடுப்பாவளாம். ஆனா அனுபவம் கேப்பாவ. எங்ககிட்ட முதல்ல வாறதுக்கு ஒரு காலேஜும் துணியமாட்டேங்குது." முகம் வாடிப்போய்ச் சொன்னாய்.

நான் என்ன சொன்னேன்? "கடையத் திறந்து வச்சிட்டு போணி ஆகாம இருக்கியா? நான் பண்ணுதேன் போணி."

அரசாங்க மன்றத்தில் வரிசை நீளம், உன் மன்றத்தில் சீக்கிரம் முடியும் என்ற கணக்கும் எனக்கு இருந்தது. மறைக்கவில்லை, நான் வியாபாரி. ஆனால் தங்கச்சி கடைக்கு முதல் ஆளாக நான்தான் போக வேண்டும் என்பதும் இருந்தது. சந்தையில் நான் தேங்காயைக் கூறு போட்டு விற்ற காலத்தில் நீயும் பள்ளிக்கூடம் விட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாயே. காலையில் போணிக்கு வந்த ஆளை நாம் ஒரு நாளாவது வெறும் கையோடு அனுப்பியிருக்கிறோமா? கையைக் கடித்தாலும் கொடுத்துத்தான் அனுப்புவோம். நீ திருப்பி அனுப்பிவிட்டாய்.

பல்கலைக்கழகம் என்ன சொல்லியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அங்கீகாரம் உள்ள ஏதாவது ஒரு மன்றத்தின் சான்று இல்லையென்றால், வருகிற ஜூனில் சயின்ஸ் பிரிவில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகளை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றிவிட எல்லா வீட்டிலும் சம்மதிப்பார்களா? இங்கே இல்லையென்றால் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அதற்காகத்தானே அம்மா பேரில் காலேஜே தொடங்கினேன்.

இன்னொன்று. உன்மேல் இருந்த நம்பிக்கையில் மயிலாடி யோவானிடம் சொல்லிக் கருங்கல்லில் 'தரச்சான்று பெற்றது' என்று முன்கூட்டியே எழுத்து வெட்டி வாங்கிவிட்டேன். கல்லில் வெட்டியதை ரப்பர் வைத்தா அழிக்க முடியும்? எழுத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கிறேன். உன் மைனி சத்தியபாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிரிக்கிறாள். எல்லாவற்றையும் பொறுப்பேன், அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

பதில் போடு.

உன் அண்ணன்
நேசையன்

பெங்களூரு
23 நவம்பர் 2012

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. இங்கே எல்லாத் தபாலையும் பிரித்துப் பதிவு செய்வார்கள். 'ஏட்டி விக்டோரியா' என்பதை ஒரு எழுத்தர் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடமே கேட்டார். இனி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

கையெழுத்து என்னுடையது. முடிவு என்னுடையதல்ல. நீங்கள் என் உடன்பிறந்தவர் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்படிப்பட்டவர் அந்தக் கல்லூரியைப் பற்றிய பேச்சில் இருக்கக் கூடாது என்பது விதி. உங்கள் கல்லூரியின் பேரை வாசித்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவை மூடினார்கள். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே கூப்பிட்டபோது முடிவு எழுதியாகிவிட்டது. செயலாளர் என்ற முறையில் அதை உங்களுக்கு அனுப்பினேன்.

அங்கீகாரம் என்பதைக் கடை லைசென்ஸ் போல நினைக்காதீர்கள். சட்டம் நிறைவேறும் முன்பே டெல்லியில் எங்களைப் பரிசீலிக்க ஒரு இடைக்காலக் குழு இருக்கிறது. யாருடைய பணத்தில் மன்றம் நடக்கிறது, கல்லூரிகளைப் பார்க்கப் போகிறவர்கள் யாருக்கு வேண்டியவர்கள், முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறோமா, தகுதி இல்லாததைத் தள்ளும் தைரியம் உண்டா, தள்ளப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று ஒவ்வொன்றையும் தோண்டிக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அரசு அலுவலகங்கள் எங்கள் சான்றை ஏற்கும். மானியம் தருகிறவர்கள், உதவித்தொகை தருகிறவர்கள், உங்கள் பல்கலைக்கழகம் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எங்களை நம்புவார்கள். நாங்கள் கல்லூரியைச் சோதிக்கிறோம், அவர்கள் எங்களைச் சோதிக்கிறார்கள். எங்களுக்கு அங்கீகாரம் வராவிட்டால் நாங்கள் கொடுக்கும் சான்று வெறும் காகிதம். பிப்ரவரி ஆறாம் தேதி டெல்லியில் எங்கள் விசாரணை.

உங்கள் கல்லூரி ஏன் தள்ளப்பட்டது என்று கேட்காமலே கோபப்படுகிறீர்கள். நூலகத்தில் இரண்டு அலமாரிப் புத்தகங்களில் சர்ச் பள்ளிக்கூடத்தின் முத்திரை இருந்ததாம். பி.எஸ்.ஸி. படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு விலங்கியல் எதற்கு? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அசிங்கம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

மேல்முறையீடு செய்ய உங்களுக்குத் தொண்ணூறு நாள் இருக்கிறது. செய்யுங்கள்.

போணி என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். சான்று விற்பனைச் சரக்கு அல்ல.

மைனிக்கு என் அன்பு.

விக்டோரியா

ஆரல்வாய்மொழி
2 டிசம்பர் 2012

ஏட்டி விக்டோரியா,

'ஏட்டி'தான். வீட்டு முகவரிக்குத்தானே எழுதுகிறேன்.

புத்தகத்தை இரவல் வாங்கியது உண்மை. கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் வாங்குவதில்லையா? பந்தி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்க்க வந்த மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த மைசூர்க்காரர் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறைத்ததை அவர் கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததை நான் ஒத்துக்கொண்டேன். அங்கேயே அது தீர்ந்தது.

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்பு எங்கள் கடைத்தெருவுக்குத் தராசு முத்திரை பார்க்க ஓர் ஆய்வாளர் வருவார். நல்ல மனுஷன், கை நீட்ட மாட்டார். ஆனால் மாசக் கடைசியில் வந்தாரென்றால் எவனாவது ஒருத்தன்மேல் கேஸ் விழும். மேலே இருக்கிறவர்கள், 'ஒரு கேஸும் இல்லையே, நீர் வேலை பார்க்கிறீரா இல்லையா?' என்று கேட்பார்களாம். ஒரு தடவை என் தராசைப் பிடித்தார். முள் நேராக நின்றது. "என்ன சார், சரியாத்தானே நிக்குது?" என்றேன். "நேசையன், கோச்சுக்காதீரும். உம்ம கடை பெருசு, நீரு தாங்குவீரு" என்றார்.

உன் கடிதத்தில் 'தகுதி இல்லாததைத் தள்ளும் தைரியம் உண்டா' என்று டெல்லி கேட்பதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு அந்த மனுஷன் முகம்தான் வந்தது. உன் மன்றம் இதுவரைக்கும் யாரையெல்லாம் தள்ளியது என்று ஷைஜாவை விட்டுக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். நீங்களேதான் வெளியே போட்டிருக்கிறீர்களே. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் பாஸ். அதில் ஒரு காலேஜை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே புத்தகத்தை அல்ல, வாத்தியார்களையே இரவல் வாங்குவார்கள்.

அதோடு விட்டேனா? ஷைஜா அந்த மைசூர்க்காரருக்குப் போன் போட்டாள். நன்றி சொல்கிற மாதிரிப் பேசச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "என்னம்மா, இன்னும் சான்று வரலையா? நாங்க பாஸ் போட்டுத்தானே குடுத்தோம்? நூலகத்தை ஒரு வருஷத்துல சரி பண்ணணும்னு மட்டும்தான் எழுதினோம்."

கேட்டியா? பார்க்க வந்தவன் பாஸ் போட்டான். பார்க்காதவன் பெயில் போட்டான். நடுவில் நீ வராந்தாவில் நின்றாய்.

காங்கேயத்து மில்லில் என் லோடைத் திருப்பியிருக்கிறார்கள். ஆனால் கொப்பரையை என் கண் முன்னால் உடைத்து, 'பாருங்க, ஈரம்' என்று என் கையில் தந்துதான் திருப்பினார்கள். எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. உன் ஆட்கள் உடைத்தே பார்க்கவில்லை.

என் கழுத்தை அறுத்துத்தான் உன் கடைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டுமா? இதற்குப் பதில் சொல். விதியை எழுதாதே, பதிலை எழுது.

நேசையன்

பெங்களூரு
19 டிசம்பர் 2012

அண்ணன்,

உங்களுக்குக் கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் குழுவின் அறிக்கையைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் கல்லூரி என்பதால் நான் இதுவரை அதைத் தொடவில்லை. இப்போது தொட்டேன். விதியை மீறித்தான் தொட்டேன்.

மைசூர்க்காரர் சொன்னது உண்மை. மூன்று பேரும் தேர்ச்சி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் வராந்தாவில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது மாறியிருக்கிறது.

எங்கள் தலைவர் பகவதியப்பன் முன்னாள் துணைவேந்தர். அவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "மேடம், டெல்லியில் முதல் கேள்வியே இதுவரை எத்தனை பேரைத் தள்ளியிருக்கிறீர்கள் என்பதுதான். செயலாளரின் அண்ணன் கல்லூரியையே தள்ளியிருக்கிறோம் என்றால் அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? உங்கள் நேர்மைக்கும் அதுதானே சாட்சி?" என்றார். என்னைப் பாராட்டுவது போலச் சொன்னார், அண்ணன்.

இந்த மன்றத்தின் விதிகளில் பாதி நான் எழுதியவை. உறவினர் வெளியே போக வேண்டும் என்ற விதியும் நான் எழுதியதுதான். உள்ளே நியாயம் நடக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

விக்டோரியா

ஆரல்வாய்மொழி
10 ஜனவரி 2013

விக்டோரியா,

உன் தலைவர் இங்கே வந்துவிட்டுப் போனார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் கிட்டங்கி வாசலில் திருவனந்தபுரம் நம்பர் போட்ட ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கண்ணாடி. கொப்பரைத் தூசிக்குத் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்.

"நேசையன் சார்தானே? நான் பகவதியப்பன். கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டை பார்க்கலாம் என்று வந்தேன். அப்படியே உங்களையும் ஒரு எட்டு..."

"திருவனந்தபுரத்துல இறங்கி வட்டக்கோட்டைக்குப் போறதுக்கு ஆரல்வாய்மொழி எதுக்கு? ரொம்பச் சுத்திலா வந்திருக்கியொ" என்றேன். மனுஷன் சிரித்துச் சமாளித்தார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் மைனி மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் சைவம் என்றதும் அவசரமாக அவியல் பண்ணினாள். சாப்பிடும்போது கரண்ட் எடுக்கிற காற்றாடிகளைப் பற்றிப் பேசினார். இந்தப் பக்கம் இத்தனை இருக்கிறதே, சத்தம் கேட்குமா என்று கேட்டார். மோரை ஊற்றும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்கள் ஏன் இன்னும் மேல்முறையீடு செய்யவில்லை?"

"எதுக்கு சார் செய்யணும்? நீங்கொ தள்ளிட்டியொ, நான் தாங்கிக்கிட்டேன்."

"இல்லை, உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம் அல்லவா? செய்தால் நிச்சயமாகக் கவனிப்போம். நிச்சயமாக."

அந்த இரண்டாவது 'நிச்சயமாக'வில் எனக்குக் கதவு திறந்தது. சரக்கு வேண்டாதவன் விலை கேட்க மாட்டான். நான் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டேன். "அப்பீல் போடலேன்னா உங்களுக்கு என்ன சார் கொறையுது?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டெல்லிக்காரர்கள், 'மேல்முறையீடு என்று விதியில் எழுதினால் போதாது, ஒருவராவது முறையிட்டு, அது விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்கிறார்களாம். தள்ளப்பட்டவன் நான் ஒருவன்தானே. நான் அப்பீல் போடவில்லையென்றால் அவருக்கு அப்பீலே கிடையாது.

"தள்ளினதுக்கும் நான், அப்பீலுக்கும் நான். உங்க மன்றத்துல எல்லா வேலையும் நான்தான் பாக்குதேனா?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஜனவரி கடைசியில் முறையீட்டுக் குழு கூடும். முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கும். டெல்லியில் எங்களுக்கு அங்கீகாரம், ஜூனில் உங்களுக்குச் சயின்ஸ் பிரிவு. யாருக்கும் நஷ்டமில்லை."

உன் மைனி கரண்டியோடு அங்கேயே நின்றாள். "சார், தள்ளினதும் உங்களுக்கு வேண்டி, சேக்கதும் உங்களுக்கு வேண்டி. இதுல எங்க பிள்ளையொ படிக்குதது எங்க வருது?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

கொஞ்ச நேரம் காக்க வைத்தேன். அந்த சந்தோஷத்தை நான் விடுவேனா? நாகர்கோவிலுக்குச் சோலியாகப் போக வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மனுஷன் லாட்ஜில் தங்கினார். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு ஜூன் மாசம் அட்மிஷன் போட முடியாது. சான்று எனக்கு நியாயமாக வர வேண்டியது. நேர்வழியில் வரவில்லை, சுற்றி வருகிறது. வந்தால் போதும்.

நீ வாயைத் திறக்காதே. பிப்ரவரி ஆறு வரைக்கும் பழையபடி வராந்தாவில் நில்.

நேசையன்

பெங்களூரு
18 ஜனவரி 2013

அண்ணன்,

இரண்டு கடிதங்களில் என்னைக் கழுத்தறுத்தவள் என்றீர்கள். மூன்றாவதில் கத்தியை நீங்களே தீட்டிக் கொடுத்துவிட்டு, சும்மா நில் என்கிறீர்கள்.

முறையீட்டுக் குழுவில் இருப்பவர்கள் வெளியாட்கள். அவர்கள் இன்னும் உட்காரவே இல்லை. அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்று எங்கள் தலைவர் உங்கள் வீட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறார், நீங்கள் மோரை ஊற்றிக்கொண்டு கேட்கிறீர்கள். அந்தக் குழு எதற்கு? விசாரணை எதற்கு? உங்கள் தெரு ஆய்வாளர் பொய்க் கேஸ் போட்டார் என்று குமுறினீர்களே, அவரே மறுநாள் வந்து 'உம்ம கேஸை நானே தள்ளுபடி பண்ணுதேன், ஆனா நேர்மையா விசாரிச்சேன்னு எழுதிக் குடும்' என்றால் கொடுத்திருப்பீர்களா? கொடுத்திருப்பீர்கள் போல. எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒன்றை யோசித்தீர்களா? உங்கள் கல்லூரி உண்மையாகவே தேறிய கல்லூரி. அந்த மூன்று பேரும் வகுப்பறையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு பேசி, இரவல் புத்தகத்தையும் பார்த்துவிட்டுத் தேர்ச்சி தந்த கல்லூரி. அந்த அசலை விற்றுவிட்டு, அதே பேரில் ஒரு போலியை வாங்கியிருக்கிறீர்கள். கொப்பரையில் இப்படி ஒரு பேரத்தை நீங்கள் ஒருநாளும் செய்ய மாட்டீர்கள். அம்மா பேரில் செய்திருக்கிறீர்கள்.

அரசாங்கம் எங்களை ஏன் இவ்வளவு தோண்டுகிறது என்று நானும் சலித்துக்கொண்டதுண்டு. இப்போது புரிகிறது. நாங்கள் ஒரு முத்திரை குத்தினால் எங்கோ ஒரு ஊரில், எங்களைத் தெரியாத ஒரு தகப்பன் அதை நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பான். உங்களைப் போல அவனால் மைசூருக்குப் போன் போட முடியாது. நீங்கள் சொன்னீர்களே, வாத்தியார்களை இரவல் வாங்கும் காலேஜ் என்று, அதற்கும் எங்கள் முத்திரைதான். அதை நீங்கள் கோபத்தில் எழுதினீர்கள். நான் அன்றிரவு தூங்கவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி டெல்லிக்குத் தலைவரோடு நானும் போகிறேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். எந்த வராந்தாவிலும் இனி நான் நிற்பதாக இல்லை.

மைனி அந்தக் கேள்வியைக் கேட்டாரே, வீட்டில் அன்றைக்கு அவர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசியிருக்கிறார்.

விக்டோரியா

ஆரல்வாய்மொழி
25 ஜனவரி 2013

ஏட்டி,

சொல்லப் போகிறாயா? சொல். உன் மன்றத்துக்கு அங்கீகாரம் வராது. அது வராவிட்டால் எனக்கு வரப்போகும் சான்று வெறும் காகிதம் என்று நீதானே எழுதினாய். தராசை உடைத்துவிட்டு என் சரக்கை எதில் நிறுப்பாய்? அரசாங்க மன்றத்து வரிசையில் இன்றைக்குப் போய் நின்றால் எந்த ஜூனுக்கு வரும்?

உனக்கு இது நியாயம் அநியாயம். எனக்கு இது யோவானுக்க மகள் பெபிஷா. அந்தக் கல்லை வெட்டித் தந்தவனின் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். நான் கல் எடுக்கப் போன அன்றைக்கு வாசலில் நின்று, "மாமா, எனக்கு பிசிக்ஸ் தருவியளா?" என்று கேட்டாள். "உனக்கு இல்லாம யாருக்கு மக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் நீ வந்து சொல்லு உன் நியாயத்தை.

நீ டெல்லியில் வாயைத் திறந்தால் இந்த வீட்டுப் படியில் கால் வைக்காதே. உன் மைனி அழுகிறாள். அழட்டும்.

நேசையன்

டெல்லி
7 பிப்ரவரி 2013

அண்ணன்,

ரயிலுக்கு நேரம் இருக்கிறது. நீங்கள் வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முறையீட்டுக் குழு முப்பதாம் தேதி கூடி, தலைவர் உங்களிடம் சொன்னபடியே முடிவெடுத்தது. நேற்று டெல்லிக் குழுவின் முன்னால் தலைவர் அதைப் பெருமையாக எடுத்துச் சொன்னார். செயலாளரின் அண்ணன் கல்லூரியைத் தள்ளியதையும், வெளியாட்கள் விசாரித்து அதை மாற்றியதையும். எதிரே இருந்தவர்கள் தலையசைத்தார்கள். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்குமே" என்று கேட்டார்.

கஷ்டமாகத்தான் இருந்தது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மைசூர்க்காரர் எழுதியதை, வராந்தாவை, வட்டக்கோட்டை பார்க்க வந்த பயணத்தை. உங்கள் இரவல் புத்தகங்களையும் சொன்னேன். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். தலைவர் விமான டிக்கெட்டில் என் பேரை ரத்து செய்துவிட்டார். அதனால்தான் ரயில்.

பெபிஷாவிடம் நானே வந்து சொல்லச் சொன்னீர்கள். வருவேன். படியில் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். நீங்கள் கூப்பிடும் வரை வரமாட்டேன்.

விக்டோரியா

ஆரல்வாய்மொழி
22 ஜூன் 2014

விக்டோரியா,

போன் நீயும் போடவில்லை, நானும் போடவில்லை. நீ வராமல் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. கூப்பிடும் வரை வரமாட்டேன் என்று எழுதினாய். நம்ம வீட்டில் இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று உன் மைனி என்னைப் பார்த்துக் கேட்கிறாள்.

தேர்தல் வந்து பழைய நாடாளுமன்றம் கலைந்ததோடு நிறைவேறாமல் கிடந்த அந்தச் சட்ட மசோதாவும் போய்விட்டது என்று ஷைஜா பேப்பரில் பார்த்துச் சொன்னாள். உன் மன்றத்தைப் பூட்டிவிட்டார்களாம். பகவதியப்பன் வேறெங்கோ பெரிய பதவிக்குப் போய்விட்டாராம். அவருக்கு அவியல் பண்ணிப்போட்டது வீண்.

நீ உடைக்காவிட்டாலும் அந்தத் தராசு நிலைத்திருக்காது என்று ஷைஜா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் போன வருஷம் ஜூனில் அது இருந்திருக்கும். போன வருஷமும் இந்த வருஷமும் சயின்ஸ் பிரிவில் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்க முடியவில்லை. பெபிஷா நம்ம காலேஜிலேயே வரலாறு சேர்ந்தாள். நன்றாகப் படிக்கிறாளாம். வழியில் என்னைக் கண்டால் நின்று வணக்கம் சொல்கிறாள். முன்பு மாமா என்று கூப்பிடுவாள். இப்போது சார் என்கிறாள்.

அதற்கு உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்மேலும் உண்டு. எது கூட, எது குறைவு என்று நிறுத்துப் பார்க்கவில்லை.

அரசாங்க மன்றத்தில் போன வருஷமே போய் வரிசையில் நின்றேன். வருகிற செப்டம்பரில் பார்க்க வருகிறார்கள். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வாங்கியாயிற்று. எல்லாவற்றிலும் ஞானபாய் கல்லூரி முத்திரை, நானே பக்கத்தில் நின்று குத்த வைத்தேன். ஆனால் கெமிஸ்ட்ரி லேபில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ஷைஜாவிடம் கேட்டால் எல்லாம் சரி என்கிறாள். மற்றவர்களும் எல்லாம் சரி என்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவனிடம் எவன் இல்லை என்று சொல்வான்?

நீ முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தவள். இப்போது எந்த மன்றத்திலும் இல்லாதவள், யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் வா. வந்து கொப்பரையை உடைக்கிற மாதிரி என் காலேஜை உடைத்துப் பார். ஈரம் இருந்தால் என் கையிலேயே வைத்துச் சொல். கத்துவேன். கத்தினால் நீயும் கத்து.

கூப்பிட்டுவிட்டேன். இனி வராமலிருக்க உனக்குச் சாக்கு இல்லை.

அந்தக் கல் இப்போது ஹாஸ்டலில் கிடக்கிறது. எழுத்துப் பக்கத்தை மண்ணில் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கத்தில் பிள்ளைகள் துணி துவைக்கிறார்கள். நல்ல கல், வழுக்காது. இந்தத் தடவை முடிவு கைக்கு வந்த பிறகுதான் யோவானிடம் போவேன்.

பெபிஷாவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் என்னை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

உன் அண்ணன்
நேசையன்